கொடைக்கானலில் ஹோம் ஸ்டே புக் பண்ணப் போறீங்களா? பணம் கட்டும் முன் இதைக் கேளுங்க!

வத்தலக்குண்டு தாண்டி மலைச்சாலை ஏறினால் காது அடைக்கும். ஜன்னல் வழியே குளிர் உள்ளே வரும். வெள்ளி நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டால் கொடைக்கானல் வந்துவிட்டது என்று அர்த்தம். ஊருக்குள் போகப் போக, பாதிக்குப் பாதி வீடுகளில் ஒரே மாதிரி போர்டுதான்: 'ரூம் கிடைக்கும்', 'காட்டேஜ்', 'ஹோம் ஸ்டே'.

1845-ல் வெயிலுக்கும் நோய்க்கும் பயந்து மலையேறிய அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். இன்று மன்னவனூர், பூம்பாறை, வில்பட்டி வரை தங்கும் இடங்கள் பரவிவிட்டன. மலைப்பூண்டு விளையும் படிக்கட்டு வயல்களுக்கு நடுவே மொபைலிலேயே வீடு பிடித்துவிடலாம்.

சிக்கல் இங்கேதான். குடியிருப்பு என்று அனுமதி வாங்கிய வீட்டைச் சத்தமில்லாமல் விடுதியாக நடத்துபவர்கள் இருக்கிறார்கள். மாஸ்டர் பிளானை மீறிய கட்டடங்கள் பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட, 2019-ல் பல விடுதிகளுக்கு சீல் வைக்கப்பட்டது. இப்படி சீல் விழுந்தால், முன்பதிவு செய்துவிட்டு வரும் குடும்பம் குழந்தைகளோடு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

எது ஹோம் ஸ்டே?

மத்திய சுற்றுலாத் துறையின் திட்டப்படி, வீட்டு உரிமையாளரோ அவர் குடும்பமோ அதே வீட்டில் வசிக்க வேண்டும். வாடகைக்கு விடுவது அதிகபட்சம் 6 அறைகள், 12 படுக்கைகள். வசதியைப் பொறுத்து கோல்டு, சில்வர் எனத் தரம் தருவார்கள். சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஓனர் வேறு ஊரில் இருந்தால், போர்டில் என்ன எழுதியிருந்தாலும் அது ஹோம் ஸ்டே ஆகாது. வெளிநாட்டினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும்.

இத்தனை கெடுபிடி எதற்கு? இது சரிவில் நிற்கும் ஊர். கோடையில் உள்ளூர்க்காரர்களே தண்ணீருக்குக் காத்திருக்கிறார்கள். ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. மேலே கலக்கும் கழிவு கீழே வராமல் எங்கே போகும்? அதனால்தான் மலைப்பகுதியில் கட்டடம் கட்ட வனத்துறை, கனிம வளத்துறை, வேளாண் பொறியியல் துறை என்று பல கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. மாடியில் இரண்டு அறையை சீசனுக்கு விட்டு, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பத்துக்கும், நான்கு மாடி கட்டி பில்டிங் பிளானையே மறைத்தவருக்கும் ஒரே அளவுகோல் என்றால், முதலில் விழுவது சின்னவர்தான். அனுமதி பெறும் வழி எளிதாக இருந்தால் முறையாகப் பதிவு செய்பவர்களும் கூடுவார்கள்.

இ-பாஸ் வேறு, ரூம் வேறு

2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. அரசுப் பேருந்தில் போனால் அந்தக் கவலை இல்லை. ஆனால் இ-பாஸ் என்பது வண்டி மலையேறுவதற்கு மட்டும்தான். தங்கும் இடம் முறையானதா என்று அது சொல்லாது.

பணம் அனுப்பும் முன்:

* சுற்றுலாத் துறைப் பதிவு எண் என்ன?
* உரிமையாளர் அங்கேயே வசிக்கிறாரா?
* சீல் வைத்தால் முழுப் பணமும் திரும்ப வருமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஒழுங்காக நடத்துபவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பதிவுச் சான்றிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். பதில் சொல்லத் தயங்கினால், அங்கே அட்வான்ஸ் கட்டாமல் அடுத்த வீட்டைப் பாருங்கள். மலையில் வீடுகளுக்கா பஞ்சம்!