கையெழுத்துக்கு முன்னால் ஒரு கேள்வி

காவிரிப் பாசனத்தில் ஒரு சிற்றூர். சம்பா நடவு நாட்களில் அங்குள்ள பெண்கள் விடிந்ததும் வயலில் இறங்கிவிடுவார்கள். ஒன்றரை ஏக்கர் சொந்த நிலமும் மற்ற நாட்களில் நடவுக் கூலியுமாகக் குடும்பம் நடத்தும் ஒரு தாய்க்கு, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மட்டும் சங்கடமான நாள். அன்று பிற்பகலில் ஊர்த் தொடக்கப் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டம். அவர்தான் குழுத் தலைவர். கூட்டத்துக்குப் போனால் கூலி குறையும். பதவிக்கோ சம்பளம் கிடையாது.

அவர் தலைவரானதும் தற்செயல்தான். பெற்றோரில் ஒரு பெண் தலைவராக வேண்டும் என்றதும், "நீதான் ஒன்பதாவது வரைக்கும் படிச்சவ" என்று பக்கத்து வீட்டு அக்கா கை காட்டினார். அதன்பின் ஓராண்டு கூட்டத்துக்குப் போனார், டீ குடித்தார், நோட்டில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார், திரும்பி வந்தார்.

நான்காம் வகுப்பில் படிக்கும் மகளின் தண்ணீர் பாட்டில்தான் அதை மாற்றியது. காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வந்தது. நான்கு நாள் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பள்ளிக்கூடத்துக் கக்கூஸ்ல தண்ணி வரலம்மா. அதான் குடிக்கிறதில்ல."

பள்ளி விட்டதும் மகள் பையை வீசிவிட்டுக் கொல்லைப்புறம் ஓடுவது ஏன் என்று அன்றுதான் அவருக்கு விளங்கியது.

அடுத்த கூட்டத்தில், "டீச்சர், போன மாசம் எழுதினத ஒரு தடவ படிங்களேன்" என்றார். தலைமை ஆசிரியை படித்தார். 'கழிவறை, குடிநீர் வசதிகள் நல்ல நிலையில் உள்ளன' என்று ஒரு வரி இருந்தது. கீழே முதல் கையெழுத்து அவருடையது.

யாரும் பேசவில்லை. பிறகு தலைமை ஆசிரியையே சொன்னார்: "மோட்டார் எரிஞ்சு ரெண்டு மாசமாச்சும்மா. நான் தனியா எழுதிக் குடுத்தா யாரும் கண்டுக்கல. அஞ்சு வகுப்புக்கு ரெண்டு பேரு இருக்கோம். நோட்டுல போன வருஷம் எழுதினதையே திரும்ப எழுதிட்டேன்."

அவரைக் குறை சொல்லி அந்தத் தாய்க்கு மனம் வரவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டது தான்தானே? பக்கத்தில் இருந்த வார்டு உறுப்பினரைப் பார்த்து, "மெம்பர் அண்ணே, வயலு மோட்டார் எரிஞ்சா ரெண்டு மாசம் விட்டு வைப்போமா?" என்று மட்டும் கேட்டார். அன்றே தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டார்கள். தனி ஒருவரின் விண்ணப்பம் இப்போது குழுவின் தீர்மானமாக ஊராட்சிக்குப் போனது. காயில் கட்டி மோட்டார் ஓடுவதற்கு மூன்று வாரம் ஆனது.

இந்த அதிகாரம் யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-ல் குழுக்களை மாற்றி அமைத்தபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர். பள்ளி நடப்பதைக் கவனிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது ஆகியவை குழுவின் வேலைகள். அரசு உதவி பெறும் பள்ளிகளில் குழு ஆலோசனை மட்டும் சொல்லலாம்.

பாடத்தை எப்படி நடத்துவது என்பது ஆசிரியரின் பொறுப்பு. அதில் குழு தலையிடுவது, அடுத்தவர் வயலில் போய் ஏர் பிடிப்பது போல. ஆனால் ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறதா, பிள்ளைகள் தொடர்ந்து வருகிறார்களா, காலை உணவும் சத்துணவும் சரியாக இருக்கின்றனவா என்று கேட்பது குழுவின் கடமை. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர், 60-ஐத் தாண்டினால் 3 என்பது சட்டத்தின் கணக்கு. இதைத் தெரிந்த பெற்றோர் கேட்கும் கேள்வி தலைமை ஆசிரியருக்கும் பலம்தான்.

உழவருக்கு இது புதிதல்ல. மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தி வந்தால் போதாது. கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்று வாய்க்கால் கரையோரம் நடந்து பார்த்தால்தான் தெரியும். பள்ளிக்கு வரும் திட்டங்களும் அப்படித்தான்.

அந்த ஊரில் எல்லாம் சரியாகிவிடவில்லை. வாத்து மேய்க்கும் குடும்பத்துப் பையன் ஒருவன் அறுவடை முடிந்ததும் பெற்றோருடன் வெளியூர் போனவன் இன்னும் திரும்பவில்லை. அவன் பெயர் இப்போது மாதந்தோறும் கூட்ட நோட்டில் ஏறுகிறது. அவன் தாத்தாவிடம் பேசும் பொறுப்பைத் தலைவரே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் ஊர்ப் பள்ளியின் குழுவில் நீங்கள் இருந்தால், அடுத்த கூட்டத்தில் போன மாத நோட்டை வாசிக்கச் சொல்லுங்கள். எழுதியிருப்பதைக் கழிவறையிலும் சமையல் கூடத்திலும் போய்ப் பாருங்கள். பிறகு கையெழுத்திடுங்கள். பேசியும் நடக்கவில்லையென்றால், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

அந்த வீட்டுத் தண்ணீர் பாட்டில் இப்போது மாலையில் காலியாகத்தான் வருகிறது.