அசைந்தும் அசையாமலும்

பெரம்பலூரிலிருக்கும் என் மைத்துனருக்குத் திடீரென்று பெரிய கார் மோகம் பிடித்துவிட்டது. புதிதில் 60 லட்சம் விற்ற ஜெர்மன் கார், ஆறு வயதானதும் 18 லட்சத்துக்கு வருகிறதாம்.

“மச்சான், 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரியே 20 சதவிகிதம். இதற்கு முதல் சொந்தக்காரரே வரி கட்டிவிட்டார். நமக்கு லாபந்தானே?” என்றார்.

கணக்கு சரிதான். ஆனால் வயதானால் காரின் விலைதான் இறங்கும். உதிரிச் சாமான்களின் விலை இறங்காது. அந்தக் காரைத் தாங்குவது இரும்பு வில் அல்ல, காற்றடைத்த ரப்பர்ப் பை. அவர் தினம் போவதோ அரியலூருக்கு; சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமெண்டு லாரிகளும் உழுத சாலை. கையிலிருக்கும் பணமோ மகளின் படிப்புக்கென்று சேர்த்தது.

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இத்தகைய கார் ஓடும்போதும் தின்னும், பழுதாகி நிற்கும்போதும் தின்னும்.

“18 லட்சத்தை மறந்துவிடுங்கள். 60 லட்சத்துக் காரைக் கட்டித் தீனி போட நம்மால் ஆகுமா என்று மட்டும் பாருங்கள். ஆகுமென்றால் சர்வீஸ் கணக்கைக் கேட்டு வாங்கி, நல்ல மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு முன்பணம் கொடுங்கள்” என்றேன்.

அன்று முழுதும் அவர் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் பார்த்தேன். தம் பழைய மாருதியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.