சட்சம் நகரும் பாட்டு

கர்நாடக இசையில் ஊறிய செவிக்கு ஜாஸ் எங்கே கடினமாகிறது? ஆதாரசட்சம் இடம்பெயரும்போது என்பேன். அதன் எல்லை, ஜான் கோல்ட்ரேன் 1959இல் ஒலிப்பதிவு செய்த 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்'.

மொத்தம் 16 பார்கள். 12 சுரத்தானங்களை நந்நான்காகப் பகுத்தால் சட்சம், அந்தர காந்தாரம், சுத்த தைவதம் கிடைக்கும். இம்மூன்றும் மாறிமாறி ஆதாரமாகின்றன. நம் கிரகபேதத்தில் தம்புரா அசைவதில்லை. இங்கே தம்புராவே ஓடுகிறது, அதுவும் கடுவேகத்தில். அந்தப் பதிவில் பியானோ வாசித்த டாமி பிளானகன் தேர்ந்த கலைஞர். அவருடைய தனிவாசிப்பே தயங்கித் தயங்கிச் செல்வதை இன்றும் கேட்கலாம். 1982இல் அவர் இதே பாட்டை மீண்டும் எடுத்துச் சரளமாக வாசித்துப் பதிவுசெய்தார்.

மாத்தளை மாவட்டத்து நாலந்தாவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். அவர் மகன் கிதாரில் இதனோடு போராடிக்கொண்டிருந்தான். கிதாரில் ஒரு வசதி உண்டு: நான்கு மெட்டு தள்ளினால் அதே விரலமைப்பு அடுத்த சுருதிக்குப் பொருந்திவிடும். அந்த வசதியே பொறி. விரல்கள் தாவும், கற்பனை நின்ற இடத்திலேயே நிற்கும்.

"பிழை ஒன்றும் இல்லைப் பெரியப்பா. ஆனால், பாட்டும் இல்லை" என்றான். கிதாரை விற்றுவிடும் எண்ணத்தில் இருந்தான்.

நான் இசை ஆசிரியன் அல்லன். எனினும், தாளில் மூன்று சுரவரிசைகளையும் எழுதிப் பார்த்தோம். எந்த இரண்டை எடுத்தாலும் மூன்று சுரங்கள் பொது. மூன்றுக்கும் பொதுவாக ஒன்றுகூட இல்லை. ஆகவே, தாவுவதற்குமுன் அடுத்த வரிசையிலும் வாழக்கூடிய சுரத்தில் ஊன்றிக் கடக்கலாம். வேகத்தையும் குறைக்கலாம், பாட் மெத்தீனி 2000இல் வெளிவந்த தம் மூவர் குழு இசைத்தட்டில் இதையே நிதானமாக வாசித்திருக்கிறார்.

அவ்வூரின் கெடிகே, பல்லவர் பாணியில் எழுந்த பௌத்தக் கற்றளி. போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மீண்டும் அடுக்கினார்கள். நிலம் மாறியது, கல்லுக்கும் கல்லுக்கும் இருந்த உறவு மாறவில்லை. கற்பனாசுரமாயினும் ஜாஸாயினும், கேட்பவன் தேடுவது அந்த உறவைத்தான். மனோதர்மம் என்பது அதிகச் சுரங்களை அறிவதன்று. காலடி மண் நகரும்போதும் தொடங்கிய வாக்கியத்தை முடிப்பது.