கண்ணீரும் கைத்தடியும்

ஒரு நாடகம் நல்லதா அன்றா என்று அறிய, அதனைப் பார்த்தவருள் எத்தனை பேர் அழுதனர் என்று கேட்பது நம்மவர் வழக்கம். அழுகை மிகுந்தால் நாடகம் உயர்ந்தது. கண்கள் உலர்ந்திருந்தால் அது வெறுங் கூத்து. இவ்வளவுகோல் சரியானதென்று கொள்வோமாயின், ‘ஏப்ரலில் நீ சொன்ன பொய்’ என்று நாம் பெயர் சொல்லக்கூடிய ஜப்பானியச் சித்திர நாடகத்திற்கு உயர்ந்த இடமே தரவேண்டும். ஆயினும், பார்த்தவர்கள் எதற்கு அழுதார்கள், எதற்கு அழாமல் வாளாவிருந்தார்கள் என்று ஆராய்ந்தால், நாடகத்தைப் பற்றி அறிவதைக் காட்டிலும் நம்மைப் பற்றி அறிவது அதிகமாகும். அதுபற்றியே இங்குச் சில சொல்லக் கருதுகிறேன்.

நவோஷி அரகாவா என்பவர் எழுதி வரைந்த சித்திரக் கதை இது. ஜப்பானிய மாதப் பத்திரிகை ஒன்றில் 2011 முதல் 2015 வரை வெளிவந்தது; 2013 ஆம் ஆண்டில் கோடான்ஷா பரிசும் பெற்றது. பின்னர் அசையும் சித்திரங்களாக்கப்பட்டு, 2014 அக்டோபர் முதல் 2015 மார்ச் வரை பியூஜி தொலைக்காட்சியில் 22 பகுதிகளாக நடந்தேறியது. 2016 இல் நடிகர்களைக் கொண்டு திரைப்படமாயிற்று. 2024 இல் இலண்டன் மாநகரிலே பாட்டு நாடகமாகவும் மேடையேறிற்று. தோன்றி ஆண்டுகள் பல கடந்தும், முதன்முறை காண்பார்க்கு அது இன்றும் புதிய நாடகமே.

நான் ஒரு தோட்டத்துக் கிராணி. பகலெல்லாம் செக்ரோலோடு மல்லாடுபவன். ஆங்கிலத்திலே கல்வி பயின்றவனாதலால், திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளைப் படித்துத் தமிழிற் சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது. இராச் சாப்பாட்டுக்குப் பின் அண்டை வீட்டார் எங்கள் கூடத்தில் வந்து அமர, இரவுக்கு ஒரு பகுதியாக 22 இரவுகளிற் பார்த்து முடித்தோம். பள்ளிச் சிறுவர்கள் இருந்தனர், மண்டோர் இருந்தார், கோயிலில் மேளம் பழகும் இளைஞர் ஒருவர் இருந்தார், முப்பது ஆண்டு மரஞ்சீவி ஓய்ந்த பாட்டியொருத்தியும் இருந்தாள். ஆதலின் நான் கண்டது ஒரு நாடகம் மட்டுமன்று; அதனைக் கண்ட பல முகங்களையும் கூடக் கண்டேன்.

கதையைச் சுருக்கிச் சொல்வேன். அரிமா கோசேய் என்பவன் பதினான்கு வயதுச் சிறுவன். பியானோ வாத்தியத்தில் இளமையிலேயே பெரும் பேர் பெற்றவன். அவன் தாய் சாகி தானும் அவ்வாத்தியத்தில் வல்லவள். நோயால் நாளுக்கு நாள் நலிந்து வருபவள். அவளே அவனுக்கு ஆசிரியை. எழுதிய சுரத்தில் ஓர் அணுவும் பிசகலாகாது என்பது அவள் சட்டம், பிசகினால் அடி. பையனும் பிசகாது வாசித்துப் பரிசுகள் குவித்தான். உடன் போட்டியிட்ட பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் ‘மனித மெட்ரனோம்’. அதாவது, உயிருள்ள தாளக்கருவி. ஒரு நாள் தாய் சக்கர நாற்காலியில் வந்திருந்து கேட்கிறாள். அவள் மனங் குளிர வேண்டுமென்று பையன் தன் உள்ளத்திலெழுந்தவாறு மென்மையாக வாசிக்கிறான். அதற்குக் கிடைத்த கூலி, பலர் பார்க்கக் கைத்தடியால் அடி. பையன் வாய்விட்டு, “நீ செத்துப்போ” என்று கதறிவிடுகிறான். அவளும் இறந்துபோகிறாள். அன்று முதல், பியானோ முன் அமர்ந்தால் தான் வாசிக்கும் நாதம் அவன் காதில் விழுவதில்லை. செவியிற் குறையில்லை, குறை நெஞ்சில்.

இந்நிலையிலே மியாசோனோ கவோரி என்னும் பெண் வருகிறாள். பிடில் வாசிப்பவள். தன் மனம்போல வாசித்துக் கூடத்தையே எழுப்பி நிறுத்துபவள். அவள் இவனைப் பக்கவாத்தியத்திற்கு இழுத்துச் செல்கிறாள். சான்-சான்ஸ் இயற்றிய உருப்படியொன்றை வாசிக்கும்போது இவன் நடுவிலே நின்றுவிடுகிறான். அவளும் வில்லை இறக்கிவிடுகிறாள். பின்னர், “மறுபடியும்” என்று சொல்லித் தொடங்குகிறாள். நின்று தொடங்கியதால் போட்டியிலே இடமில்லை. கூடத்திலோ கையொலி ஓயவில்லை. அவளும் நோயாளி. முடிவிலே, அவன் ஷோப்பனின் முதற் பல்லாட் என்னும் உருப்படியை மேடையில் வாசித்துக் கொண்டிருக்கும்பொழுது, அவள் மாண்டுபோகிறாள். அவள் எழுதிவைத்த கடிதத்தில் நாடகத்தின் பெயருக்குக் காரணம் வெளியாகிறது: அவன் தோழனைத் தான் விரும்புவதாகச் சொன்னது பொய், விரும்பியது இவனையே.

நிற்க. பார்த்தவர் கூறிய அபிப்பிராயங்களுக்கு வருவோம்.

மண்டோர் முதலிற் கேட்டார்: “ஐரோப்பியர் சங்கீதத்தை ஜப்பான்காரப் பிள்ளைகள் ஏன் இப்படி உயிரைக் கொடுத்து வாசிக்கவேண்டும்?” நியாயமான கேள்வி. ஹமாமட்சு ஊரிலே யமஹா தொராகுசு என்பவர் பழுதான ஓர் ஆர்கனைச் சீராக்கப் போய், 1887 ஆம் ஆண்டிலேயே தாமே ஆர்கன் செய்யத் தொடங்கிவிட்டார். 1918 ஜூன் மாதம், பாண்டோ என்னுமிடத்தில் சிறைப்பட்டிருந்த ஜெர்மானியப் போர்வீரர்கள் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பனியை முழுவதும் நடத்தினர். இக்காலத்தில் ஆண்டு முடிவுதோறும் அதனைப் பாடுவது அந்நாட்டில் ஒரு வழக்கமாகவே வேரூன்றியிருக்கிறது. எவன் உழைத்துக் கற்கிறானோ அவனுடையது கலை. அதற்குப் பிறந்த மண்ணையும் பிறந்த குலத்தையும் சாட்சியாக அழைக்க வேண்டுவதில்லை. இதனை மண்டோர் ஒத்துக்கொண்டார்.

மேளம் பழகும் இளைஞர் வேறொரு குறை சொன்னார். “பிள்ளைகள் வாசிக்கும்போது, கேட்போர் தங்கள் மனத்தினுள்ளே ஓயாது பேசிக்கொண்டிருக்கிறார்களே, கச்சேரியில் பக்கத்திலிருப்பவன் வளவளவென்று பேசுவது போலிருக்கிறது” என்றார். இது உண்மை. அழவேண்டிய இடத்தை அடுத்து உதையும் குத்துமாக ஒரு விகடம் புகுந்துவிடுவதும் குறையே. ஆனால் அவரே, “விரல்கள் பொய் சொல்லவில்லை” என்று மெச்சினார். காரணமுண்டு. தொமோகி சகாதா பியானோவும், யூனா ஷினோஹாரா பிடிலும் மெய்யாகவே வாசிக்க, அவர்கள் கைகளை மாதிரியாகக் கொண்டே சித்திரம் வரைந்திருக்கின்றனர்.

மற்றொரு வாதமும் எழுந்தது. கவோரி முதற் போட்டியில் வாசிப்பது பீத்தோவனின் ‘குரூட்சர்’ சொனாட்டா. அவள் அதனைத் தன் விருப்பம்போல் நீட்டியும் விரைத்தும் வாசிக்க, நடுவருட் சிலர் முகஞ் சுளிக்கின்றனர். “எழுதியவன் எழுதியபடி வாசிப்பதன்றோ மரியாதை?” என்றார் ஒருவர். இங்கு ஒரு சரித்திரம் சொல்லவேண்டும். அந்தச் சொனாட்டா 1803 மே 24 ஆம் நாள் வியன்னா நகரில் அரங்கேறியபோது, பிடில் வாசித்தவர் ஜார்ஜ் பிரிட்ஜ்டவர். ஆப்பிரிக்க மரபில் வந்த தந்தைக்குப் பிறந்தவர். பியானோ வாசித்தவர் பீத்தோவனே. ஓரிடத்திலே பிரிட்ஜ்டவர், எழுதப்படாத ஓர் அலங்காரத்தைத் தாமாகவே புகுத்தி வாசித்தார். அதுகேட்ட பீத்தோவன் துள்ளியெழுந்து அவரைத் தழுவி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாரென்று பிரிட்ஜ்டவர் தம் குறிப்பில் எழுதியிருக்கிறார். பின்னர் இருவருக்கும் மனத்தாங்கல் உண்டாக, நூலின் முகப்பில் குரூட்சர் பெயர் ஏறிற்று. இயற்றியவரே தழுவிக்கொண்ட சுதந்தரத்தை, இருநூறாண்டு கழித்து வந்த நடுவர்கள் குற்றமென்கின்றனர்! நூலாசிரியனை விட நூலைக் காப்பவர்களுக்குக் கோபம் அதிகம் என்பது சங்கீதத்தில் மட்டும் காணும் செய்தியன்று.

இவையெல்லாம் இனிய வாதங்கள். கசப்பான வாதம் தாயைப் பற்றியது.

“அந்த அடி இல்லாவிட்டால் அந்த விரல் ஏது?” என்றார் மண்டோர். “அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?” கூடத்திலிருந்த ஆடவர் பலரும் தலையசைத்தனர். நாடகமும் அவர்களுக்கு இடங் கொடுக்கிறது. தாயின் தோழியாகிய ஹிரோகோ பின்னொரு நாள் உண்மையைச் சொல்கிறாள்: முதலில் தாய்க்கு அவனை வித்துவானாக்கும் எண்ணமே இல்லை, நோய் முற்றியபின், தான் போய்விட்டால் பிள்ளை எப்படிப் பிழைப்பான் என்ற அச்சமே அவளைக் கொடியவளாக்கிற்று. பையன் குரைஸ்லரின் ‘அன்பின் துயர்’ என்னும் பாட்டை, தாய் வாசிக்கக் கேட்டு வளர்ந்த அதே பாட்டை, மேடையிலே தனியே வாசித்துத் தாய்க்கு விடைகொடுக்கிறான். அவ்விடத்திலே கூடம் முழுவதும் அழுதது. “பாவம், அவளும் தாய்தானே” என்றனர். கைத்தடி கண்ணீரிற் கரைந்துபோயிற்று.

பாட்டி மட்டும் அழவில்லை. “நானுந்தான் காய்ச்சலோடே மரஞ்சீவப் போனேன், கிராணி ஐயா. நான் போனா இதுங்க கதி என்னன்னு எனக்கும் பயந்தான். பிள்ளை மேலே கை வைக்கல்லே” என்றாள். அதற்கு மறுமொழி சொன்னவர் ஒருவருமில்லை.

இன்னொன்றையும் நான் கண்டேன். முடிவிலே கவோரி இறந்தபோது பெரியவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தனர். துண்டால் முகத்தை மூடினர். சிறுவர்கள் அவ்வளவாக அழவில்லை. ஆனால் ஆறேழு இரவுகளுக்கு முன்பும் பின்பும், திரையிலே அந்தக் கைத்தடி உயர்ந்த ஒவ்வொரு முறையும், அவர்களிற் சிலர் தோள்களைக் குறுக்கிக்கொண்டனர். ஒரு பெண்குழந்தை தண்ணீர் குடிக்கவென்று எழுந்து போய், அந்தக் காட்சி முடியுமட்டும் அடுப்பங்கரையிலேயே நின்றாள். பெரியவர்கள் கதையைப் பார்த்தார்கள். அக்குழந்தைகள் தடியைப் பார்த்தார்கள். தடி எப்படி விழுமென்று அவர்களுக்குத் தெரியும்.

அடியால் வித்தை வளரும் என்போர் பீத்தோவனையே சாட்சிக்கு அழைக்கலாம். அவர் தந்தையார் குடிப்பழக்கமுள்ளவர்; இரண்டாவது மோட்சார்ட் ஒருவனை ஆக்கிவிட வேண்டுமென்று பிள்ளையை வருத்தியவர். 1778 இல் கொலோன் நகரிலே ஏழு வயதுப் பிள்ளையை மேடையேற்றிய போது, வயது ஆறென்று விளம்பரஞ் செய்தார். பிள்ளை பெரியவனானான், மெய். ஆனால் அடியுண்டு வளர்ந்தவரெல்லாம் பீத்தோவன் ஆகியிருந்தால், உலகத்தில் பியானோ வைக்க இடமிருக்குமா? அடிபட்டு, வாத்தியத்தை மூடிவிட்டு, வாழ்நாள் முழுவதும் அதன் ஒலி கேட்டாலே நடுங்கியவர் எத்தனை பேரோ? அவர்களுடைய பெயர் சரித்திரத்தில் ஏறுவதில்லை. ஏறியவன் பெயரை மட்டும் காட்டித் தடிக்குப் பட்டம் சூட்டுவது என்ன கணக்கு? ஆபீசில் வரவை மட்டும் எழுதிச் செலவை மறைக்கும் கிராணியை ஒரு நாள் வேலைக்கு வைத்திருப்பார்களா?

ஜப்பானிலேயே இதற்கு மாற்று வழி காட்டியவர் ஒருவர் உண்டு. ஷினிச்சி சுசுகி (1898–1998) பிடில் செய்யும் தொழிற்சாலை நடத்திய ஒருவரின் மைந்தர். பெர்லின் நகரிலே பிடில் பயின்றவர். ஜப்பானியக் குழந்தைகளெல்லாம் ஜப்பானிய மொழியைத் தடையின்றிப் பேசுகின்றனவே என்று அவர் வியந்தார். அவ்வியப்பிலிருந்தே அவர் கொள்கை பிறந்தது: திறமை பிறப்பால் வருவதன்று, தாய்மொழி போல வளர்ப்பால் வருவது. யுத்தம் முடிந்தபின் மட்சுமோட்டோ நகரிலே குழந்தைகளுக்குக் கற்பித்தார். அவர் முறையிலே, குழந்தைக்கு முன்பாகத் தாய் கொஞ்சம் பிடில் கற்கவேண்டும். சிந்தித்துப் பாருங்கள். தடியைப் பிடிக்கும் கையிலே வில்லைப் பிடிக்கக் கொடுத்தார் அப்பெரியார்! மழலை ‘அம்மா’ என்பதைப் பிழையாகச் சொன்னால் நாம் அடிக்கின்றோமா? சிரித்து, மறுபடியும் சொல்லச் சொல்லுகிறோம். கவோரி மேடையிலே சொன்ன ‘மறுபடியும்’ என்ற சொல்லும் அதுவேயன்றோ? அச்சொல்லாலே அவன் செவி திறந்தது; தடியாலே அடைத்தது.

அப்படியாயின் தாயை மன்னிக்கலாகாதோ என்று கேட்கலாம். மன்னிக்கலாம், ஆனால் மன்னிக்க வேண்டியவன் கோசேய். அடிபட்டவன் அவன், அவள் அன்பையும் அறிந்தவன் அவன். பாட்டினாலே விடைகொடுக்க அவனுக்கு உரிமையுண்டு. அது அவன் பெருமை. கூடத்தில் உட்கார்ந்திருந்த நாம் எந்த உரிமையால் மன்னிக்கிறோம்? அவள் நோயாளியென்றும், அஞ்சினவளென்றும் அறிவது வேறு. ஆகவே அடித்தது சரியென்று கணக்கை முடிப்பது வேறு. பிறர் பட்ட அடியைக் கண்ணீர் விட்டு மன்னிப்பது மிக எளிது. அவ்வெளிமையிலே நம் வீட்டுத் தடியையும் சேர்த்து மன்னித்துக் கொள்கிறோம் என்பதே என் ஐயம்.

இக்காலத்திலே தோட்டத்திலும் பட்டணத்திலும் நம் பிள்ளைகள் பாட்டும், பிடிலும், மேளமும், கணக்கும், ஆங்கிலமும் கற்கின்றனர். நாம் பெறாததை அவர்கள் பெறவேண்டுமென்ற ஆசையும், பெறாவிட்டால் என்ன ஆவார்களோ என்ற அச்சமும் நமக்குண்டு. சாகிக்கு இருந்ததும் அவ்வாசையும் அவ்வச்சமுமே. ஆகையால் அவளை அரக்கியென்று தள்ளிவிடவும் வேண்டாம். தெய்வமென்று கும்பிடவும் வேண்டாம். நம்மில் ஒருத்தியென்று அறிந்தால் போதும்.

இந்த நாடகத்தைப் பாருங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். அழுகை வந்தால் அழுங்கள், அதிலொன்றும் குற்றமில்லை. ஆனால் கைத்தடி உயரும் காட்சி வரும்போது, திரையினின்றும் கண்ணை எடுத்து, பக்கத்திலிருக்கும் உங்கள் பிள்ளையின் தோளைப் பாருங்கள். அது குறுகினால், நாடகத்தின் பொருள் உங்களுக்கு விளங்கிவிடும். வேறு விமர்சனம் எதுவும் வேண்டுவதில்லை.