ஆலங்குளத்திலிருந்து அருவிக்கு

திருநெல்வேலி வழியாகக் குற்றாலத்துக்குப் போன அன்பர்கள் எல்லோரும் ஆலங்குளத்தைப் பார்த்தவர்கள்தான். ஆனால் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள். கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவுவார். நாலு பேர் இறங்குவார்கள். பின் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டு விழித்து, "குற்றாலம் வந்தாச்சா?" என்று கேட்பார். "இன்னும் எவ்வளவோ இருக்கு" என்று பதில் வந்ததும் மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். ஆலங்குளத்தைப் பற்றி வெளியூர்க்காரர் அறிந்தது அவ்வளவே. போதாக்குறைக்கு விருதுநகர் ஜில்லாவில் இதே பெயரில் இன்னொரு ஊர் இருக்கிறது. சர்க்கார் சிமெண்டு ஆலை காரணமாக அதற்குக் கொஞ்சம் பெயர் உண்டு. நமது பந்துக்கள் கலியாணப் பத்திரிகை அனுப்பும்போதெல்லாம் "சிமெண்டு ஆலங்குளமா, சும்மா ஆலங்குளமா?" என்று கேட்டு எழுதுகிறார்கள். நாம் இருப்பது சும்மா ஆலங்குளத்தில்.

நாம் இவ்வூருக்கு அந்நியர்கள். காவேரிக் கரையில் பிறந்து வளர்ந்து, உபாத்தியாயர் உத்தியோகத்தின் பொருட்டு இங்கே வந்து குடியேறியவர்கள். வந்த புதிதில் ஒரே தமிழ் நாட்டுக்குள் இத்தனை வித்தியாசமா என்று மலைத்துப் போனோம். அங்கே வாய்க்காலில் ஓடிய தண்ணீர் இங்கே குளத்தில் நின்றது. சில வருஷம் நிற்கவும் இல்லை. கறுத்த வண்டலுக்குப் பதில் செம்மண். முறம் "சொளவு" ஆயிற்று. நமக்குச் "சார்வாள்" என்ற பட்டம் கிடைத்தது. மரியாதையில் இந்தச் சீமையாரை மிஞ்ச முடியாது. ஆனால் சனி, ஞாயிறு வந்தால் எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று நமக்கும் நமது சகதர்மிணிக்கும் புரியாமல் இருந்தது.

அச்சமயத்தில்தான் ஆஸ்திரேலியாவில் குடியேறியிருக்கும் பழைய மாணாக்கர் ஒருவர் கடிதம் எழுதினார். அவரும் மனைவியும் வார முடிவில் ஆளுக்கொரு சைக்கிளில் ஊரைச் சுற்றிப் பார்க்கிறார்களாம். அவர் வசிக்கும் விக்டோரியா மாகாணத்தில் 1990-ஆம் ஆண்டிலிருந்தே தலைக்கவசம் இல்லாமல் சைக்கிள் ஓட்டினால் அபராதம். "அந்நிய ஊர் சொந்த ஊராக வேண்டுமானால் அதைச் சைக்கிள் வேகத்தில் பார்க்கவேண்டும், சார்" என்று முடித்திருந்தார். மாணாக்கர் சொல்லி உபாத்தியாயர் கேட்கக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே! தென்காசிக்குப் போய் இரண்டு சைக்கிள் வாங்கினோம். கியர் முதலிய ஆடம்பரம் எதுவும் இல்லாத சாதாரண வண்டிகள்.

நமது சகதர்மிணி கன்னிப் பருவத்தில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போனவர். கழுத்தில் தாலி ஏறியதும் சைக்கிளிலிருந்து இறங்கியவர். இது அவர் ஒருவர் கதை அல்ல. 2001-ஆம் ஆண்டு தொடங்கிச் சர்க்கார் பள்ளி மாணாக்கியருக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கப்பட்டு வருகிறது. முதலில் ஆதி திராவிட, பழங்குடி மாணவிகளுக்கு, பிற்பாடு எல்லோருக்கும். காலை எட்டரை மணிக்குச் சாலை முழுவதும் இரட்டைப் பின்னல்கள் மிதித்துக்கொண்டு போகும் காட்சி கண்ணுக்கு விருந்து. ஆனால் நாற்பது வயது அம்மாள் ஒருவர் சைக்கிளில் போவதை நம் தெருவில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை நாம் இருவரும் புறப்பட்டபோது திண்ணைகளில் பீடி சுற்றிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. இந்தப் பக்கத்தில் ஆலங்குளம், முக்கூடல், கடையம் என்று எங்கே பார்த்தாலும் ஸ்திரீகளின் மடியில் ஒரு சொளவு, அதில் வெட்டிய இலையும் தூளும் இருக்கும். அந்தக் கைகள் சாப்பாட்டுக்குக்கூட முழுசாக நிற்பதில்லை!

ஆலங்குளத்திலிருந்து தென்காசி சுமார் 23 கிலோ மீட்டர். அங்கிருந்து குற்றாலம் இன்னும் ஐந்தாறு. சமதளமான சாலைதான். ஆனால் ஆனியிலும் ஆடியிலும் இந்தத் தூரத்தைக் கடக்க நமக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது. காரணம், காற்று. ஜூன் மாதத் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மலையாளக் கரையில் மோதி மழையாகக் கொட்டுகிறது. மலைத்தொடர் நெடுஞ்சுவராக நிற்பதால் நம் பக்கத்துக்கு அந்த மழை வருவதில்லை. செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம் மட்டும் அந்தச் சுவர் சற்றுத் தாழ்ந்து கணவாயாக இருக்கிறது. காற்று அந்த வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு புகுந்து, குற்றாலத்தில் சாரலைத் தூவிவிட்டு, கையில் ஒன்றும் மிச்சமில்லாமல் நம்மூருக்கு வெறுங்காற்றாக வந்து சேர்கிறது. சுரண்டை, பாவூர்ச்சத்திரம் வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் மேற்கு முகமாய் நின்று சுழல்வது இதனால்தான். அந்த மூன்று சிறகு ராக்ஷசர்களுக்கு ஆனந்தம், சைக்கிள்காரனுக்கு அவஸ்தை. பிடரியில் யாரோ கை வைத்துப் பின்னால் தள்ளுவதுபோல இருக்கும். ஆனால் திரும்பி வரும்போது அதே கை முதுகைத் தாங்கித் தள்ளிக்கொண்டு வருகிறது! பெடலில் காலை வைத்தது பாதி, வைக்காதது பாதியாக வீடு வந்து விடுகிறோம். போகும்போது அனுபவித்த கஷ்டமெல்லாம் வரும்போது வட்டியுடன் கிடைத்துவிடும் பிரயாணம் உலகத்தில் வேறு எங்கே உண்டு என்று தெரியவில்லை.

பாவூர்ச்சத்திரம் காய்கறிச் சந்தையைத் தாண்டும்போது மலை நன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். மலையாளத்துக்குப் போகும் லாரிகளில் வெண்டையும் பூசணியும் ஏறிக்கொண்டிருக்கும். ஓணம் நெருங்கும்போது சந்தையில் கால் வைக்க இடம் இராது.

தென்காசிக்குள் நுழைந்ததும் கோபுரவாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா நிற்பது நமது வழக்கம். பாண்டிய நாட்டின் பெருமை மங்கிய காலத்தில், 1446-ஆம் ஆண்டில், பராக்கிரம பாண்டியர் தொடங்கிய ஆலயம் இது. பிற்காலத்தில் இந்தக் கோயில் பழுதுபட்டால் அதைச் செப்பனிடுகிறவர்களின் பாதங்களில் தாம் விழுந்து வணங்குவதாக அந்த மன்னர் கல்வெட்டில் சொல்லியிருக்கிறார். முடி தரித்த மன்னர், பெயர் தெரியாத கொத்தனுக்கும் தச்சனுக்கும் முன்கூட்டியே நமஸ்காரம் செய்து வைக்கிறார்! கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. 1990-இல்தான் மறுபடி எழும்பிக் கும்பாபிஷேகம் நடந்தது. அந்த வாசலில் அடிக்கும் காற்றுக்கு இணை இல்லை. 23 கிலோ மீட்டர் நம்மோடு மல்லுக்கு நின்ற அதே காற்று அங்கே விசிறிபோல் இதமாக இருப்பது ஒரு விந்தைதான்.

குற்றாலத்தை நாம் புதிதாக வர்ணிக்கப் போவதில்லை. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சியில் செய்துவிட்டார். பிற்பாடு ரசிகமணி டி. கே. சி. அங்கேயே வாசம் செய்து, வந்தவர்களுக்கெல்லாம் அருவியையும் கம்பனையும் சேர்த்தே ஊட்டினார். ராஜாஜியும் கல்கியும் அந்த விருந்துக்கு வந்தவர்கள். நாம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: மோட்டாரில் வந்து இறங்கி அருவியில் நிற்பது வேறு, மூன்று மணி நேரம் காற்றோடு போராடிவிட்டு நிற்பது வேறு. துடை இரண்டும் மரக்கட்டையாய், தோள் கடுத்து, கண்ணில் புழுதியோடு போய்த் தலையைக் கொடுத்தால், பேரருவி ஒரு தேர்ந்த வைத்தியரைப்போல் எந்த நரம்பு வலிக்கிறதோ அதைத் தேடிப் பிடித்து அடிக்கிறது. பிறகு பசி வரும் பாருங்கள்! பிரானூரில், பழைய திருவிதாங்கூர் எல்லையில், "பார்டர் புரோட்டா" பெயர் பெற்றதற்குச் சமையல் பாதி, அருவி பாதி காரணம் என்பது நமது அபிப்பிராயம். எல்லை 1956-இல் நகர்ந்துவிட்டது, புரோட்டா நகரவில்லை.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. மலைமேல் மழை பெய்வது கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து பள்ளிப் பருவச் சிறுவன் ஒருவன் உயிர் போயிற்று. போலீஸ்காரர் "ஏறுங்க" என்றால் ஏறிவிட வேண்டும். "இன்னும் ரெண்டே நிமிஷம்" என்று கெஞ்சுகிறவர்களைக் கண்டால் நமக்குக் கோபம் வருகிறது.

சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருநெல்வேலி–தென்காசிச் சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தியபோது ஓரத்து மரங்கள் விழுந்தன. நாம் இளைப்பாறுகிற மரங்கள் என்று கணக்கு வைத்திருந்தவற்றில் ஒன்றுகூட இப்போது இல்லை. மலையாளத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றிச் செல்லும் லாரிகளின் வேகமும் அதிகரித்தது. சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில் அப்படிப்பட்ட லாரி ஒன்று உரசினாற்போல் கடந்தபோது நமது சகதர்மிணி வண்டியோடு சரிந்து விழுந்தார். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார். காவேரிக் கரையிலிருந்து வந்த பெரியவர்கள், "இந்த வயசில் இது தேவையா?" என்று ஒரே குரலில் கேட்டார்கள். நாமும் சைக்கிள்களை விற்றுவிடலாம் என்றே சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளுக்கு உறை போட்டு மூலையில் நிறுத்தினோம்.

அந்த மூலையிலிருந்து அதை வெளியே கொண்டுவந்தவர் எதிர் வீட்டு அம்மாள். முப்பத்தைந்து வயது, பீடி சுற்றுகிறவர், புருஷர் மலையாளத்தில் கட்டட வேலை. ஒரு நாள் மாலை வந்து, "எனக்கும் சைக்கிள் ஓட்டச் சொல்லித் தாரீயளா, டீச்சர்?" என்றார். மகள் கோயம்புத்தூருக்கு நர்ஸ் படிப்புக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த சர்க்கார் சைக்கிள் வீட்டில் காற்றிறங்கிக் கிடக்கிறது. சுற்றிய பீடியை வெயிலில் தலைச்சுமையாகக் கடைக்குக் கொண்டுபோய்த் திரும்புவதற்குள் அரை நாள் போய்விடுகிறது. அரை நாள் என்றால் அவருக்குக் கூலி.

கட்டுப் பிரித்த கையோடு நமது சகதர்மிணி குளத்தங்கரைக்குப் புறப்பட்டார். புதுக்கோட்டை ஜில்லாவில் 1991-இல் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான ஸ்திரீகள், கல்லுடைப்பவர்களும் களையெடுப்பவர்களும், இப்படித்தான் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் என்று நாம் வகுப்பில் பாடமாகச் சொல்லியிருக்கிறோம். கண்ணால் பார்த்தது இப்போதுதான். பத்து நாள், எண்ணிக்கையில்லாத விழுப்புண்கள். "பேத்தி எடுக்கப் போற வயசுல பொம்பளைக்கு என்ன சைக்கிளு?" என்று மாமியார் முதல் வாரம் முழுவதும் தெருவுக்கே கேட்கும்படி முழங்கினார். மூன்றாவது வாரம் அவரே, "ஏட்டி, வெத்தலை தீந்துட்டு, அந்த வண்டியில ஒரு எட்டு போயிட்டு வா" என்றார்.

இப்போது நாம் பெரிய சாலையை விட்டுவிட்டோம். கிராமச் சாலைகள் வழியே சுற்றிக்கொண்டு, பதினாறு கை நரசிம்மர் கோயில் கொண்டிருக்கும் கீழப்பாவூர் போய், அங்கிருந்துதான் மேற்கே திரும்புகிறோம். தூரம் அதிகம், மரநிழலும் அதிகம். அந்த ஊர்க் குளத்தில் பறவைகளைப் பார்த்துக்கொண்டே நின்று குற்றாலத்துக்கு நேரமாகிவிட்ட நாட்களும் உண்டு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கடையத்துக்குப் போவதாக ஏற்பாடு. அது செல்லம்மா பாரதி பிறந்த ஊர். 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையான பாரதியார் 1920 வரை அங்கே வசித்தார். மனைவியின் தோளில் கை போட்டபடி அவர் நிற்கும் சிலை 2022-இல் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன் கடையத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து வீதியில் நடந்ததை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்பதை நம் தெருவில் முதல் ஞாயிற்றுக்கிழமையை அனுபவித்த நாம் ஓரளவு ஊகிக்க முடியும்.

இம்முறை மூன்று சைக்கிள்கள். எதிர் வீட்டு அம்மாளுக்குக் கடையம் தாய் வீடு. பஸ்ஸுக்குக் காத்துக் காத்துப் போய் வருவது ஒரு நாள் கூலியைத் தின்றுவிடுவதால் பொங்கலுக்கும் கொடைக்கும் தவிர அவர் போவதில்லை. நேற்று இரவு வந்து, தாம் பார்த்துக் கேட்க வேண்டியதை ஒன்றே ஒன்றாகக் கேட்டார்.

"சார்வாள், காத்து போகும்போது எதுக்கயா, வரும்போது எதுக்கயா?"

"போகும்போது" என்றோம்.

"அப்பம் சரி. வரும்போது அம்மா தேங்கா, புளின்னு கட்டித் தந்துருவாள்லா" என்று சொல்லிவிட்டு, சைக்கிளின் பின்னால் சாமான் கட்டும் இடத்தை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.