கோஷத்துக்கு நடுவே வாய்ப்பாடு

ஜனவரி 20, 2025, திங்கள்

பள்ளியில் பாடம் நடத்தி முடித்து வந்தால் அண்ணன் தறியில் இல்லை. பாதி முந்தானையில் நாடாவைப் போட்டுவிட்டு செல்போனில் மூழ்கியிருக்கிறான். சென்னைக்கு இரண்டாவதாக வரவிருக்கும் பரந்தூர் விமான நிலையத்தை எதிர்க்கும் ஊர்க்காரர்களை நடிகர் விஜய் இன்று போய்ப் பார்த்திருக்கிறார். போராட்டம் நடக்கும் ஏகனாபுரத்துக்குள் அனுமதி இல்லையாம், பொடவூர் கல்யாண மண்டபத்தில் கூட்டம். ஆரணி பக்கம் முள்ளிப்பட்டில் இருக்கும் எங்களுக்கு இதில் என்ன அக்கறை என்றால், சித்தி மகளை ஏகனாபுரத்தில்தான் கொடுத்திருக்கிறோம். “கூட்டத்துல அவ தெரியறாளா பாருங்க” என்று அண்ணி எட்டி எட்டிப் பார்க்கிறார்.

அந்த ஊர்ச் சிறுவன் ஒருவன் போராட்டத்தைப் பற்றிப் பேசிய காணொளிதான் தன் மனதைத் தொட்டது என்று விஜய் சொன்னார். கைதட்டல் காதைப் பிளந்தது. எனக்கு வேறு ஒன்று தோன்றியது. பத்திரிகைக்காரர் முன்னால் தடுமாறாமல் பேச அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது எந்த டீச்சரும் இல்லை. 2022இல் திட்டம் அறிவித்ததிலிருந்து ராத்திரி ராத்திரி ஊர் கூடி உட்காருகிறதே, அங்கே கற்றது. சின்ன வயதில் இது சாமர்த்தியமா, பாரமா?

பிப்ரவரி 9, ஞாயிறு

அண்ணனுக்குக் காஞ்சிபுரத்தில் ஜரிகை வாங்கும் வேலை. செய்யாறு வழியாக அவனோடு போய், நான் மட்டும் நேற்று ஏகனாபுரத்தில் தங்கினேன்.

பகலில் ஊரில் ஆள் இல்லை. நடவு, ஆடு மாடு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலை என்று அவரவர் போய்விடுகிறார்கள். போராட்டம் ராத்திரியில்தான். வேலையை விட்டுவிட்டுப் போராட அவர்களுக்கு வசதி கிடையாது. பெண்கள்தான் அதிகம். முன்வரிசை பிள்ளைகளுக்கு.

சித்தி மகளின் பெண் நாலாம் வகுப்பு. மடியில் நோட்டை விரித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டுமாம். “ஏழாறு நாற்பத்திரண்டு” என்று முணுமுணுப்பாள். கோஷம் எழும்போது தலையைத் தூக்கி, கையை உயர்த்தி “வேண்டாம் வேண்டாம்” என்பாள். கோஷம் அடங்கியதும் குனிவாள், விட்ட இடம் தெரியாது, மறுபடி “ஏழொண்ணு ஏழு”. ஏழெட்டு வரும்போதெல்லாம் அடுத்த கோஷம் வந்துவிடுகிறது. “வீட்ல போயி படிக்கலாமில்ல கண்ணு?” என்றேன். “வீட்ல யாரு இருக்காங்க பெரியம்மா? எல்லாரும் இங்கதான்” என்றாள்.

அவளுக்கு இன்னொரு கணக்கும் தெரிகிறது. மொத்தம் 5,746 ஏக்கர், அதில் பட்டா நிலம் 3,700க்கு மேல். மிச்சம் ஏரி, வாய்க்கால், புறம்போக்கு. பதின்மூன்று கிராமங்கள் இதில் அகப்படுகின்றன. ஏகனாபுரம் வயல், வீடு, கோயில், பள்ளிக்கூடம் என்று மொத்தமாகப் போகிறது. அதனால்தான் இந்த ஊர் முன்னால் நிற்கிறது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இப்போதைய விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்தைச் சுற்றி அடையாறும் மலையும் வீடுகளும். அங்கே விரிவாக்க இடமில்லை. பரந்தூரில் வருவது வருஷத்துக்குப் பத்துக் கோடிப் பயணிகள் வரை தாங்குகிற நிலையம், செலவு 32,000 கோடிக்கு மேல் என்று அரசு சொல்கிறது. எங்காவது கட்டித்தான் ஆக வேண்டும். நெல்வாய் ஏரியையும் கம்பன் கால்வாயையும் மூடித்தான் கட்ட வேண்டுமா என்பது ஊர்க்காரர்களுடைய கேள்வி.

இடையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தியும் எதிர்ப்புக் காட்டினார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை, சித்தி மகளிடம் முகத்துக்கு நேராகவே சொன்னேன். “கிராம சபை கூடுறப்பல்லாம் தீர்மானம் போட்டோம். போன வருஷம் எம்.பி. எலெக்‌ஷன்ல ஓட்டுப் போடல. எதுக்கும் அசையல. வேற இன்னாத்தக்கா நிறுத்துறது எங்ககிட்ட?” என்றாள்.

மார்ச் 2, ஞாயிறு

பி.எட். படித்த காலத்து நோட்டு கையில் அகப்பட்டது. அதில் பிரான்சாஃப்ட் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியையைப் பற்றி ஒரு பக்கம். நியூயார்க்கில் ஒரு பள்ளிக்குப் பக்கத்திலேயே உயரப் பாலத்தில் ரயில் ஓடும். சில நிமிஷத்துக்கு ஒரு வண்டி. அது கடக்கும்வரை டீச்சர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். ரயில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளையும் மறுபக்கத்து அமைதியான வகுப்புப் பிள்ளைகளையும் வாசிப்பில் ஒப்பிட்டார். ஆறாம் வகுப்புக்கு வரும்போது சத்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரு வருஷம் பின்தங்கியிருந்தார்கள். 1975இல் ஆய்வு வெளிவந்தது. அதன் பிறகு தண்டவாளத்துக்கு ரப்பர் மெத்தை வைத்தார்கள், வகுப்புக் கூரையில் சத்தம் உறிஞ்சும் பலகை அடித்தார்கள். 1981இல் மறுபடி பார்த்தபோது இரண்டு பக்கமும் சமம்.

விமானத்துக்கும் இதேபோல ஒன்று உண்டு. ஜெர்மனியில் மியூனிக் நகரம் 1992இல் பழைய விமான நிலையத்தை மூடிவிட்டுப் புதியதைத் திறந்தது. பழைய இடத்துப் பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் தேறின; புதிய இடத்துப் பிள்ளைகளுக்கு அதே இரண்டும் சரிந்தன.

அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். “தறிச் சத்தத்துலதான நீ படிச்சி டீச்சரான?” என்றான். வாஸ்தவம். தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி லொடலொடக்க, குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டேதான் படித்தேன். ஆனால் பரீட்சை நாளில் “அப்பா, கொஞ்ச நேரம்” என்றால் அவர் பலகையை நிறுத்திவிட்டு வெற்றிலை போடப் போவார். அடுத்த தெரு விசைத்தறியிடம் அப்படிக் கேட்க முடியாது. விமானத்திடமா கேட்பது?

நம் சட்டத்திலும் குறைவில்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், பகலில் 50 டெசிபல்தான் எல்லை. கல்யாண வீட்டு ஸ்பீக்கருக்கே அது செல்லுபடியாவதில்லை. சுற்றுச்சூழல் அறிக்கைகளில் சத்தத்தை டெசிபலில் எழுதிவிடுகிறார்கள். பிள்ளைகளின் வாசிப்பை அளந்து பார்த்ததாக நான் படித்த அறிக்கை எதிலும் இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

பரந்தூருக்கு மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. நாளை வருஷப்பிறப்பு. சித்தி மகளுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை.

எங்கள் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. 2018இல் சென்னை-சேலம் எட்டு வழிச்சாலை, 277 கிலோமீட்டர். அதில் 120க்கு மேல் திருவண்ணாமலை மாவட்டத்தில். நெல் வயலில் கல் நட்டார்கள், சனங்கள் பிடுங்கிப் போட்டார்கள், பலர் கைதானார்கள். 2019 ஏப்ரல் 8 அன்று நிலமெடுப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழியைத் திறந்துவிட்டது. சாலை இன்னும் வரவில்லை. அன்றைக்கு எதிர்க்கட்சி வரிசையிலிருந்து அந்தச் சாலையை எதிர்த்தவர்கள்தான் இன்றைக்கு விமான நிலையம் கட்டப் புறப்பட்டிருக்கிறார்கள். இவர்கள் மட்டும் என்றில்லை, கோட்டைக்குப் போனால் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகிறது.

போக்குவரத்தே வேண்டாம் என்று ஆரணிக்காரர்கள் சொல்ல மாட்டோம். ‘ஆரணி ரோடு’ ஸ்டேஷனுக்குக் களம்பூர் போக வேண்டியிருக்கிறது. ஆரணி வழியாக வருவதாக 2006-07 பட்ஜெட்டில் சொன்ன திண்டிவனம்-நகரி ரயில் பாதை இன்னும் முடியவில்லை. கேட்ட இடத்துக்கு வராதது, வேண்டாம் என்ற இடத்தில் வந்து நிற்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

பரந்தூரில் நிலத்துக்கு விலை அறிவித்தாயிற்று, ஏக்கருக்கு 35 லட்சத்திலிருந்து இரண்டரைக் கோடிவரை. இம்மாதம் சில ஊர்களில் சிலர் பத்திரமும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடன் உள்ளவன் எத்தனை நாள் தாங்குவான்?

சித்தி மகள் இன்று பேசினாள். பெண்ணைக் காஞ்சிபுரத்தில் சேர்த்துவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறாராம், டி.சி. வாங்குவதா வேண்டாமா என்று என்னைக் கேட்டாள். எனக்குப் பகீரென்றது. டீச்சராக இருப்பவளுக்கு இது தெரிந்த கதை. ஒரு டி.சி. போனால் பின்னாலேயே பத்துப் போகும். வருகைப்பதிவு சுருங்கினால் ஆசிரியரைப் பணிநிரவலில் தூக்குவார்கள், அப்புறம் பள்ளியை மூட எந்திரம் எதுவும் வர வேண்டியதில்லை.

பரந்தூருக்கு நிலம் எடுப்பது மாநிலத்தின் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி. மறுகுடியமர்த்தல் பற்றி 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தைப் புரட்டினால், குடியமர்த்தும் இடத்தில் பள்ளி வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் அந்த வசதிகளை முடித்துக் கொடுக்க, இழப்பீட்டு உத்தரவு நாளிலிருந்து பதினெட்டு மாதம் அவகாசம். அதிகாரிக்கு அது ஒரு கெடு, அவ்வளவுதான். என் வகுப்பில் பதினெட்டு மாதம் என்றால் ஒன்றரை வகுப்பு. வாய்ப்பாட்டில் தொடங்கிய பிள்ளை பின்னத்தைத் தாண்டியிருக்க வேண்டிய காலம்.

“டி.சி. இப்ப வேணாம், அஞ்சாவது முடியட்டும்” என்றேன். “அதுவரைக்கும் ஸ்கூல் இருக்குமாக்கா?” என்றாள். இருக்குமா இல்லையா என்று நான் எப்படிச் சொல்ல? ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து கேள் என்றேன். விமான நிலையம் வேண்டாம் என்ற தீர்மானம் தனியாக இருக்கட்டும். இதை வேறொரு தாளில் எழுதிக் கொடு: புதுப் பள்ளிக்கூடம் எந்த இடம், எந்தத் தேதி, பழையதைப் பூட்டும் முன்பா பின்பா? பதிலை எழுத்தில் வாங்கு. அவளுக்கு எழுதப் பயம், மனுவை நானே இன்று ராத்திரி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.