சிவப்பில் ஒரு வார்த்தை

சில வாரங்களுக்கு முன்பு ஒரு கல்லூரி மாணவர் வட்டத்தில் பேசப் போயிருந்தேன். பேச்சு முடிந்ததும் ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "அக்கா, பள்ளிக்கூடத்துல சாதி இருக்குன்னு சொல்றீங்க, ஒத்துக்கிறேன். ஆன்லைன் வகுப்புல எப்படிக்கா இருக்கும்? எல்லாரும் ஒரே அளவு கட்டத்துக்குள்ளதானே உட்காந்திருக்கோம்?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2020 ஜூன் மாதம் நானும் அப்படித்தான் நம்பினேன். அந்தத் தம்பிக்கு அன்று நேரமில்லாததால் அரைகுறையாகப் பதில் சொன்னேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மாலை வகுப்பு பொம்மையார்பாளையம் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு வாடகை அறையில் நடந்தது. அந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். ஒரு புறம் கடல் வருடா வருடம் கரையைத் தின்றுகொண்டிருக்கும். மறுபுறம் ஆரோவில்லுக்குப் போகிற சாலைகள், விருந்தினர் விடுதிகள், வைஃபை பாஸ்வேர்டைப் பலகையில் எழுதி மாட்டியிருக்கும் காபிக் கடைகள். எங்களிடம் வந்த இருபத்து மூன்று பிள்ளைகளும் சுற்றுவட்டாரக் காலனிகளிலிருந்து வந்தவர்கள். அப்பாக்கள் பாண்டிச்சேரியில் கட்டட வேலை. அம்மாக்கள் விடுதிகளில் அறை கூட்டித் துணி துவைக்கிற வேலை. சிலருக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் சொந்தங்கள் உண்டு.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஜூனில், எங்கள் பிள்ளைகளில் பலர் படித்த பள்ளியிலிருந்து ஒரு செய்தி வந்தது. இனி பாடமெல்லாம் ஆன்லைன் வகுப்பறையில் நடக்கும். இந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கி, இந்த எண்ணைப் போட்டு உள்ளே வர வேண்டும். வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து, கெடு நேரத்துக்குள் ஏற்ற வேண்டும்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அண்ணல் அம்பேத்கர் சிறுவயதில் வகுப்பறையில் தனியாக ஒரு கோணிச் சாக்கில் உட்கார வைக்கப்பட்டதை "விசாவுக்காகக் காத்திருக்கிறேன்" நூலில் பதிவு செய்திருக்கிறார். வகுப்பைக் கூட்டுகிற ஆள் அந்தச் சாக்கைத் தொடமாட்டார். ஆகவே மாலையில் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் கொண்டுவர வேண்டும். நான் படித்த காலத்தில் சாக்கு இல்லை, ஆனால் கடைசி பெஞ்சு இருந்தது. இப்போது பெஞ்சே இல்லாத வகுப்பறை வந்துவிட்டது, தனி டம்ளர் இல்லை, தொட்டால் தீட்டு இல்லை என்று பெற்றோர்களைக் கூட்டி வைத்துப் பேசினேன். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

பேசிய மறுநாள் கணக்குத் தொடங்க உட்கார்ந்தோம். இருபத்து மூன்று பிள்ளைகளுக்கு வீடுகளில் இருந்த ஸ்மார்ட்போன் ஒன்பது. அந்த ஒன்பதில் ஏழு, அப்பாவின் சட்டைப் பையில் காலையில் வேலைக்குப் போய்விடும்.

ஒரு பெண் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் எழுதவில்லை. அப்போது ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் கெட்டி. அவள் அப்பா சித்தாள் வேலைக்குக் காலை ஆறரைக்குக் கிளம்பினால் இரவு ஏழரைக்கு வருவார். மேஸ்திரி கூப்பிட்டால்தான் மறுநாள் வேலை, எனவே போனை வீட்டில் விட்டுப் போக முடியாது. வீட்டுப்பாடத்தின் கெடு மாலை ஐந்து மணி. அவள் இரவு சாப்பாடு முடிந்து, அப்பா படுத்த பிறகு போனை வாங்கி, பாடத்தைப் பார்த்து எழுதி, படம் எடுத்து ஏற்றுவாள். டேட்டா தீர்ந்திருந்தால் அதுவும் இல்லை.

ஆகஸ்டில் ஒருநாள் அவள் கணக்கைத் திறந்து பார்த்தேன். பதினொரு பாடங்களுக்கு நேராகச் சிவப்பு எழுத்தில் ‘மிஸ்ஸிங்’ என்று இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. உனக்காக எத்தனை பேரிடம் கெஞ்சியிருக்கிறோம், நீ இப்படிக் காணாமல் போனால் என்ன அர்த்தம் என்று மற்ற பிள்ளைகள் முன்னால் திட்டிவிட்டேன். அவள் அழவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்:

"அக்கா, நான் எங்கயும் போகலக்கா. இங்கதான் இருக்கேன். போன்தான் வேலைக்குப் போயிருக்கு."

மறுநாள் அவளுடைய வகுப்பு ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். அவரும் சொந்தப் போனில், சொந்தக் காசில் ரீசார்ஜ் செய்து பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "நான் போடலீங்க மேடம், நேரம் தாண்டினா அதுவாப் போட்டுக்குது" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் கவனியுங்கள் தோழர்களே, இதற்கு முன் நம் பிள்ளையை ஒதுக்க ஒரு ஆள் தேவைப்பட்டார். அந்த ஆளின் பெயரைச் சொல்லி மனு எழுதலாம், கேள்வி கேட்கலாம். இங்கே ஆளே இல்லை. வீட்டுக்கு வீடு ஒரு போன், மேசை, மாணவர் கையில் ஓய்வான பகல்பொழுது எல்லாம் இருக்கும் என்று யாரோ எங்கோ எண்ணிப் போட்ட ஒரு கெடு, மாலை ஐந்து மணிக்குத் தானாக வேலை செய்கிறது. காரணம் எழுத அந்தச் சிவப்பு வார்த்தைக்குப் பக்கத்தில் இடம் கிடையாது.

ஆள் இல்லாமல் நடப்பது ஒரு வகை. ஆட்களோடும் நடந்தது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் அண்ணன் போனில் வகுப்புக்குள் போனான். அந்தக் கணக்கில் வைத்திருந்த படம், நீலக் கோட்டு போட்ட அம்பேத்கர். வகுப்புப் பட்டியலில் அவன் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் படம் நின்றது. இரண்டே நாளில் எல்லோரும் எழுதுகிற பகுதியில் எவனோ ஒருவன் "காலனியா?" என்று எழுதினான். அதற்குக் கீழே நான்கைந்து சிரிக்கிற பொம்மைகள். வகுப்பில் அதுவரை அவன் யாரென்று பலருக்குத் தெரியாது. பள்ளியிலிருந்து வந்த தீர்வு, "அந்தப் படத்தை மாத்தச் சொல்லுங்க." எழுதியவனை யாரும் ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் படத்தை மாற்றவில்லை. வகுப்புக்குள் போவதை நிறுத்திவிட்டான்.

இன்னொன்று, சிக்னல். பக்கத்தில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். அங்கே காலனிப் பக்கம் நெட் எடுக்காது. ஊர்த் தெருவில் ஒரு மாடி வீட்டு ஓரம் நின்றால் எடுக்கும். நான்கு பிள்ளைகள் அங்கே போய்ச் சுவரோரம் நின்று பாடம் கேட்டார்கள். மூன்றாம் நாள், "இங்க என்ன கூட்டம், கொரோனா காலம், உங்க பக்கம் போங்க" என்று விரட்டப்பட்டார்கள். கொரோனா எல்லோருக்கும் பொதுதான். "உங்க பக்கம்" என்ற சொல் கொரோனாவுக்கு முன்பே இருந்தது. அலைக்கற்றை காற்றில் வருகிறது என்கிறோம். அதைப் பிடிக்க நிற்கிற மண் ஊருக்கும் சேரிக்கும் பங்கு போட்ட மண்தான்.

இது எங்கள் கடற்கரையின் கதை மட்டுமல்ல. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 2017-18 அறிக்கையே, இந்தியக் கிராமப்புற வீடுகளில் இணைய வசதி உள்ளவை 14.9 சதவீதம் என்று சொல்லியிருந்தது. அதாவது, வகுப்புகளை ஆன்லைனுக்கு மாற்றும் முன்பே அரசின் கையில் இந்தக் கணக்கு இருந்தது. கேரளத்தில் 2020 ஜூன் 1 அன்று தொலைக்காட்சி, இணையம் வழி வகுப்புகள் தொடங்கிய முதல் நாளே மலப்புரம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு தலித் மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். வீட்டில் டிவி பழுது, ஸ்மார்ட்போன் கிடையாது.

2021 ஆகஸ்டில் ழான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் ஒருங்கிணைத்து, தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் ஏழைக் குடும்பங்களின் சுமார் 1,400 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. கிராமங்களில் தொடர்ந்து ஆன்லைனில் படித்தவர்கள் 8 சதவீதம். அதைச் சாதிவாரியாகப் பிரித்தால், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளில் 4 சதவீதம், மற்றவர்களில் 15 சதவீதம். ஸ்மார்ட்போன் இருந்த கிராமத்து வீடுகளில்கூட தொடர்ந்து படித்தவர்கள் 15 சதவீதம்தான். வேலைக்குப் போகிற பெரியவர்கள் கையில் போன் இருந்தது முக்கியக் காரணங்களில் ஒன்று. அறிக்கையைப் படித்தபோது அந்தப் பிள்ளை சொன்னதுதான் காதில் கேட்டது. அவள் ஒரு வருடம் முன்பே சொல்லிவிட்டாள். நான்தான் திட்டினேன்.

2021 ஜனவரியில் உப்புக் காலம் தொடங்கியது. அவள் மாலை வகுப்புக்கு வரவில்லை. மரக்காணத்தில் அத்தை வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். பிப்ரவரி 8 அன்று ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தது, அதற்கும் வரவில்லை. மார்ச் முதல் வாரம் தேடிக்கொண்டு போனேன். உப்பள வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும், வெயில் ஏறினால் நிற்க முடியாது. நான் போனபோது மணி எட்டு. பாத்திகளின் வெள்ளையில் கண் கூசியது. அவள் அத்தை நீளக் கைப்பிடி வைத்த பலகையால் உப்பை இழுத்து வரப்பில் சேர்க்க, இவள் கூடையில் அள்ளிச் சுமந்துகொண்டிருந்தாள். கால் விரல் இடுக்கெல்லாம் புண்.

ஏம்மா பள்ளிக்கூடம் திறந்தாச்சே என்றேன். "எல்லாரும் பாஸ்னு சொல்லிட்டாங்களேக்கா. அப்புறம் எதுக்கு வரணும்? அதான் எல்லாத்துலயும் மிஸ்ஸிங்னு போட்டுட்டாங்களே."

அந்த வார்த்தையை அவள் தன் பெயர் போல ஏற்றுக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

அதன் பிறகு நாங்கள் செய்தவை சின்னச் சின்ன வேலைகள். ஒரு நோட்டுப் போட்டோம். தளம் ‘மிஸ்ஸிங்’ என்று காட்டும் ஒவ்வொரு பாடத்துக்கும் தேதி போட்டுக் காரணத்தை எழுதினோம்: போன் அப்பாவிடம், டேட்டா இல்லை, சிக்னல் இல்லை, தம்பியைப் பார்த்துக்கொண்டாள். இருபது பக்கம் சேர்ந்ததும் பள்ளிக்குக் கொண்டுபோனோம். அதைப் படித்த அதே ஆசிரியர்தான் தலைமையாசிரியரிடம் பேசினார். மாலை ஐந்து மணிக் கெடு மறுநாள் காலை ஒன்பது மணியானது. வாரத்துக்கு ஒருமுறை தாளில் எழுதிக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள். பாட வீடியோக்களை மெமரி கார்டில் ஏற்றி வீடு வீடாகக் கொடுத்தோம். அரசின் கல்வித் தொலைக்காட்சியில் எந்த வகுப்புக்கு எத்தனை மணி என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். இலவச டிவி வேலை செய்த வீடுகளில் மூன்று நான்கு பிள்ளைகள் சேர்ந்து பார்த்தார்கள்.

2021 செப்டம்பர் 1 அன்று பள்ளி திறந்தபோது அவளைக் கூட்டிவந்தோம். அத்தையே பேருந்து ஏற்றிவிட்டார். அடுத்த மாதம், அக்டோபர் 27 அன்று, இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தது மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில். ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, தன்னார்வலர் நேரில் போய் மாலையில் பாடம் நடத்தும் திட்டம். அதில் குறைகள் பேசலாம், பேசியும் இருக்கிறோம். ஆனால் இணையத்தில் விட்டதை மீட்க மறுபடியும் ஓர் ஆள்தான் தெருவுக்கு நடந்து வர வேண்டியிருந்தது என்பதை அந்தத் திட்டமே ஒத்துக்கொண்டது.

2022 மே மாதம் அவள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றாள். கணக்கில் அவள் எடுக்க வேண்டிய மதிப்பெண் அதுவல்ல. அம்பேத்கர் படம் வைத்திருந்த பையன் திரும்பவில்லை. சென்னையில் டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போய்விட்டான். இருபது பக்க நோட்டில் அவனுக்கு ஒரு வரிகூட இல்லை. "காலனியா?" என்று எழுதப்பட்ட அன்றே அதைப் படம் பிடித்து வைத்து, நாங்கள் பள்ளியிடம் கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது எங்கள் தவறு.

இப்போது கொரோனா இல்லை. ஆனால் மழை விடுமுறை விட்டால் ஆன்லைன் வகுப்பு, வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் இணையத்தில், பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையத்தில். ஆகவே அந்தத் தம்பியைப் போன்றவர்களுக்குச் சில வார்த்தைகள்.

உங்கள் பகுதியில் எத்தனை பிள்ளைகள் ஆன்லைனில் சேர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். பகல் பத்து மணிக்குக் காலனிக்குள் எத்தனை போன் இருக்கிறது என்று எண்ணுங்கள். ‘வரவில்லை’ என்று எங்கே பதிவானாலும் பக்கத்தில் காரணத்தை நீங்கள் எழுதி வையுங்கள், எழுதாத காரணம் சோம்பேறித்தனம் என்றே வாசிக்கப்படும். திரையில் வரும் சாதிப் பேச்சை நேரில் வரும் சாதிப் பேச்சாகவே நடத்துங்கள். கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் ஃபஹீமா ஷிரின் வழக்கில், இணையத்தைப் பெறும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்திருக்கிறது. மனு எழுதும்போது அதைக் குறிப்பிடுங்கள்.

அண்ணல் தன் சாக்கைத் தானே சுமந்து பள்ளிக்குப் போனார். நம் பிள்ளைகளிடம் இன்று பள்ளி வேண்டுமானால் போனை நீயே கொண்டு வா என்கிறார்கள். கொண்டுவர முடியாதவள் காணாமல் போனவள் ஆகிறாள்.

அவள் காணாமல் போகவில்லை தம்பி. கட்டத்துக்கு வெளியே இருந்தாள். நாம் கட்டத்துக்குள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.